சுண்ணாம்பில் கிடைத்த எட்டு வில்லைகள்

முல்லைத்தீவுக் கடலின் முருகைக்கற்களை, அந்த உயிருள்ள பவளப்பாறைகளை, முப்பத்தோராண்டுகள் கண்ணுங் கருத்துமாய்க் காத்து, இன்று பணிநிறைவு காணும் எமது கடல்வளப் பணிமனையின் மூத்த அலுவலர், திருமதி சிவனேஸ்வரி இராஜரத்தினம் அவர்களுக்கு, உடன்பணியாற்றிய நாங்கள் எழுதிச் சபைமுன் வாசிக்கும் மடல்.

கடமையில் கண்டிப்பும் கதையில் கனிவும் கொண்ட அம்மையீர்!

செவ்வாய்க்கிழமை வரை எம்மிடம் வேறொரு மடல் இருந்தது. அதில் தங்களைக் கடலரசி என்றும் கலங்கரை விளக்கம் என்றும் எழுதியிருந்தோம். அதைக் கிழித்துவிட்டோம். தங்கள் முகத்தைப் பார்த்து அவற்றை வாசிக்க எமக்கு இப்போது தைரியம் இல்லை.

நீந்தத் தெரியாத தாங்கள், அடியில் கண்ணாடி பதித்த பலகைப் பெட்டியை நீரில் அழுத்தி, வள்ளத்து விளிம்பில் குப்புறக் கிடந்து, முதுகு வேக வேகக் கடலடியைப் படித்தீர்கள். போரால் பணிமனை மூன்றுமுறை இடம்பெயர்ந்தபோதும் கோப்புகளை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வந்தீர்கள். கோப்புகள் எங்கே என்று மேலிடம் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்பது எமக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு கடல் கொதித்தது. முருகைக்கற்கள் வெளுத்து மடிந்தன. முருகைப்பார் முழுவதும் தேடி, ஒரே இனத்தில் நிறம் மாறாத பதினொன்றைத் தாங்கள் கண்டுபிடித்தீர்கள். ஆணியால் இலக்கம் கீறி, விசுவமடுச் செங்கல் சூளையில் சுட்டெடுத்த மண்வில்லைகளை வள்ளமோட்டி சுகிர்தன் முக்குளித்து, நைலோன் நூலால் அவற்றில் கட்டினார். ஒன்றையே உடைத்து நூறாக நட்டால் என்ன என்று நாம் கேட்டோம். "நூறு துண்டெண்டாலும் அது ஒரே ஆள்தான்" என்றீர்கள். வேறு வேறு பெற்றாரின் முட்டையும் விந்தும் நீரில் கலந்தால்தான் புதிய பரம்பரை வரும் என்றும், வெப்பத்தைத் தாங்கும் ஏதோவொன்று இவற்றின் பரம்பரையலகுகளில் இருக்கலாம் என்றும் விளக்கினீர்கள். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தாங்கள் சொல்லவில்லை.

இனி எமது குற்றத்தைச் சொல்கிறோம். பாதைத் தடையால் சீமெந்து வராத இந்நாட்களில் எமது சுவர்களுக்குச் சுண்ணாம்பே கதி. தங்கள் விழாவுக்கு மண்டபம் பளிச்சென்று இருக்கவேண்டுமென ஆசைப்பட்டு, கரையில் ஒதுங்கும் பழைய முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைக்கார நடராசாவிடம், உள்ளதில் நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு நீறு வேண்டுமென்று சொல்லியனுப்பினோம். வந்தது. ஒரு சுவர் அடித்தும் முடிந்தது. செவ்வாய் காலை, எமது பணியாளர் வீரம்மா மிச்ச நீற்றைப் பீப்பாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். கொதித்து அடங்கிய நீற்றைத் துழாவிய தடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவினார். நாலாம் இலக்க மண்வில்லை.

துழாவத் துழாவ எட்டு வில்லைகள் வந்தன. முன்னரே நெருப்பில் சுட்ட மண் என்பதால் சூளையிலும் அவை அழியவில்லை. நடராசாவை அழைத்துக் கேட்டோம்.

"நல்ல வெள்ளையா வேணுமெண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்? கரையில கிடக்கிற பழங்கல்லு மங்கலாத்தான் வரும். உயிர்க்கல்லுத்தான் பால்மாதிரி. இதுகளை வலைக்குக் கட்டுற மண்குண்டெண்டு நினைச்சன்" என்றார். உண்மைதான், கேட்டவர்கள் நாங்கள். அந்தத் திகைப்பு எமக்கு இன்றும் நீங்கவில்லை.

மேசையை ஒதுக்க வந்த தாங்கள் அப்போதுதான் உள்ளே நுழைந்தீர்கள். எம்மை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையில் அமர்ந்து, வில்லைகளை வரிசையாக அடுக்கி, "மற்ற மூண்டும் எங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு நடராசாவைப் பார்த்து, "உங்களில பிழையில்லை. வில்லை கட்டின கல்லைத் தொடாதேங்கோ எண்டு மீன்பிடிக்காரர் எல்லாருக்கும் சொன்னன், சூளைக்கு ஒருநாளும் வந்து சொல்லேல்லை. ரெண்டு மிஞ்சினாலும் போதும். ஒண்டெண்டால் அது தனிக்கட்டை, ரெண்டெண்டால் வம்சம்" என்றீர்கள்.

நடராசா தலைகுனிந்து நின்றார். "நான்தான் உடைச்சனான், இடம் எனக்குத் தெரியும். வாங்கோ" என்றார். வியாழக்கிழமை தங்களிடம் சொல்லாமலே தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு போனோம். மூன்றாம் இலக்கம் உயிரோடு இருந்தது. ஆறாம் இலக்கத்தின் இடத்தில் நூல் மட்டுமே மிதந்தது. நடராசா ஐந்துமுறை முக்குளித்தார். ஆறாவது முறை மேலே வந்து, மூச்சு வாங்கியபடி, "பத்தாம் இலக்கம் நிக்குது" என்றார். வள்ளத்தில் இருந்த எல்லோரும் அழுதோம்.

அம்மையீர்! இதைத் தாங்கள் இந்தச் சபையிலேயே முதன்முதல் அறிகிறீர்கள். மூன்றும் பத்தும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் இடையே எண்பது பாகத் தூரம், ஏறக்குறைய நூற்றைம்பது மீற்றர். அவ்வளவு தூரத்தில் முட்டையும் விந்தும் சந்திப்பது அரிது. ஒன்றன் துண்டை மற்றதன் அருகே கட்டவேண்டும். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று எம்மில் ஒருவருக்கும் தெரியாது. பிழைவிட்டால் மீண்டும் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகவே, தங்களுக்குப் பின்னால் தெரியும் அந்த வெள்ளைச் சுவரை நாம் சுரண்டப் போவதில்லை. எட்டு வில்லைகளும் அதில் தொங்கும். மற்றைய மூன்று சுவர்களும் மண்ணாகவே இருக்கும். தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழவேண்டுமென்று வழக்கத்துக்காக வாழ்த்தவில்லை. முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு விரலளவே வளரும். அதைப் பார்க்கத் தாங்கள் இருந்தாக வேண்டும்.

அழைப்பிதழில் பிரியாவிடை என்று அச்சிட்டதைப் பொறுத்தருளுங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வள்ளம் கரையில் நிற்கும். பெட்டி அதற்குள் இருக்கும்.

இங்ஙனம்,
பணிமனை ஊழியர்கள் அனைவரும்,
அவர்களோடு சேர்ந்து ஒப்பமிடும் சூளைக்கார நடராசா
ஆவணி, 1999