மேல் வரிசைப் படம்

— இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்க, நர்ஸக்கா.

— மூணு சொட்டு விட்டாச்சு தம்பி. மூணும் இந்த நீலத் தண்ணில மிதக்குது. நல்ல ரத்தம்னா கல்லு மாதிரி அடியில போகணும். உனக்கு ரத்தத்துல சத்து இல்ல. இன்னைக்கு எடுக்க முடியாது.

— இருபத்தி நாலு தடவை எடுத்தீங்களே?

— எடுத்ததாலதான் சொல்றேன். போன தடவை எழுந்ததும் மயக்கம் வந்து சுவத்தைப் பிடிச்ச. பட்டறையில லேத் மெஷின் முன்னாடி நிக்கும்போது அப்படி வந்தா பிடிக்கச் சுவர் இருக்காது. சுத்துற இரும்புதான் இருக்கும்.

— இன்னைக்கு மட்டும்க்கா. இருபத்தஞ்சு ஆனாத்தான் ரத்தம் குடுத்தவங்க படம் மாட்டற வாசல் சுவத்துல என் படம் மேல் வரிசைக்குப் போகும். மாமனார் வேற இஸ்திரி போட்ட சட்டையோட வெளியில உட்கார்ந்திருக்கார்.

— அவர் எதுக்கு?

— படம் பிடிக்கறதைப் பார்க்க. கல்யாணமாகி ஒன்பது வருஷமா என்னை "ஏம்ப்பா"ன்னுதான் கூப்பிடுவார். போன மாசம் இந்தச் சுவத்துல என் மூஞ்சியைப் பார்த்துட்டு முதல் தடவையா மாப்பிள்ளைன்னார். இப்ப சும்மா வெளியில போனா?

— மறுபடி ஏம்ப்பா ஆயிடுவ.

— சிரிக்காதீங்கக்கா. ஒண்ணு கேட்கட்டுமா? ரத்தம் எடுக்க வேண்டாம். பஞ்சை வெச்சு ஒரு பிளாஸ்திரி மட்டும் ஒட்டி விடுங்க.

— கையை நீட்டு.

— அவ்வளவுதானா? திட்டுவீங்கன்னு நினைச்சேன்.

— இந்த வாரத்துல நீ ஆறாவது ஆளு. உங்க ஃபோர்மேன் மேல் வரிசையில இருக்காரே, முப்பது தடவைன்னு? ஊசியைப் பார்த்தாலே அவருக்குக் கண்ணு சொருகிடும். முப்பதும் வெறும் பஞ்சு.

— அடப்பாவி! அவரைப் பார்த்துத்தானே நான் வந்தேன்!

— அதுக்காகத்தான் ஒட்டறேன். படம் மாட்டறதுக்கு முன்னாடி மாசத்துக்கு எட்டுப் பேர் வந்தாங்க. இப்ப எண்பது. அதுல இருபது பஞ்சாப் போனாலும் அறுபது பை ரத்தம் நிஜம். ஆபரேஷனுக்குப் படுத்திருக்கறவங்களுக்குப் பை வந்தாப் போதும். யார் படம் எந்த வரிசையில இருந்தா அவங்களுக்கென்ன?

— தப்பில்லையாக்கா?

— தப்புதான். கையை மடக்காதே, பிரிஞ்சுடும். ஆனா நீ இருபத்தி நாலு தடவையும் நிஜமாக் குடுத்தவன். எத்தனை பேர் அதுல பிழைச்சாங்களோ. அதை நினைச்சுக்கிட்டு நிம்மதியாப் போய் படத்துக்கு நில்லு.

— போங்கக்கா. இப்படி ஒரு வழி இருக்குன்னு முதல் தடவையே சொல்லியிருக்கலாமே!