பிரசிடெண்டுக்கு நின்ற குமார்

தெங்கேராவில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். "எங்கம்மா போன எடுத்ததாலதான்டா எனக்கு பிரசிடெண்ட் பதவி கெடைக்காமப் போவப்போவுது" என்றான் ஒருவன். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னா கதை குமாரு?"

"இண்டர்நெட்டுல நம்ம தமிழாளுங்க குரூப்பு ஒண்ணு இருக்குலா. விளையாட்டுக்கு ஒரு நாடு, அதுக்கு ஒரு பிரசிடெண்ட் எலக்‌ஷன். நேத்து டிபேட். நான் டைப் அடிச்சிக்கிட்டிருக்கேன், அம்மா கிளேபாங்ல இருக்குற சித்திக்கு போன் பண்ண ரிசீவரத் தூக்கிருச்சி. போன் லைன்லதானே இண்டர்நெட்டும் வருது, கட்டாயிருச்சி! 'குமார் பயந்து ஓடிட்டாரு'ன்னு எழுதிட்டான் எதிராளி."

"அவன் யாரு?"

"யாருக்குத் தெரியும்? சிங்கம்னு பேரு வச்சிருக்கான். மூஞ்சிய யாரும் பாத்ததில்ல."

"சரி, ஜெயிச்சா என்னா செய்வ?"

"ஒண்ணும் இல்லலா. பேருக்கு முன்னால பிரசிடெண்ட்னு வரும்."

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் தலைவருக்கும் அவ்வளவுதான் வேலை. கூட ஒரு மாலை உண்டு. அங்கே கை தூக்கித்தான் ஓட்டு. தலைவரின் மைத்துனன் பக்கத்தில் நின்று பார்த்தால் கை தானாக மேலே போகும்.

"இன்னிக்குக் கடைசி. ஒரு ஓட்டுல பின்னால நிக்கிறேன்டா. நீ போட்டுட்டல்ல?"

"காலையிலயே ஆபீஸ்ல போட்டேன். சிங்கத்துக்கு."

"டேய்! அவன் யாருன்னே உனக்குத் தெரியாதேடா!"

"தெரியாதுலா. ஆனா நாலாம் வகுப்புல நீ மானிட்டரா இருந்தத நான் பாத்திருக்கேன்."