அளவு வைத்த இணைப்பு

உங்கள் மேசைக்குப் பின்னால் இருக்கும் கணினி அப்டேட் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஐயா. ஓரத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றுகிறதே, அதுதான். அளவு வைத்த இணைப்பாக இருந்தால் மாதம் பாதி தாண்டுமுன் டேட்டாவைத் துடைத்துவிடும். செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தில் தட்டினால் நின்றுவிடும். காட்டித் தரட்டுமா? வேண்டாமா, சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடிவரை கேபிள் வராது. சிம் போட்ட ரௌட்டர் ஒன்றுதான் வீடு முழுக்கவும். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்து தருவார்கள். தீர்ந்துவிட்டால் அப்புறம் நத்தை ஊர்வலம்தான். நான் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். என் மனைவி தையல் ஆலையில் மேற்பார்வையாளர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகலில் நானும் மாமனாரும் மட்டும். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலும் பஸ் ஹாரன் மாதிரியே இருக்கும்.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை அனுப்ப உட்கார்ந்தேன். போகவேயில்லை. வீட்டிலிருந்த அத்தனை சாதனமும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு டேட்டாவைக் காலி செய்திருந்தன. டிவி உட்பட. டிவிக்கு என்ன புதுசு வேண்டிக் கிடக்கிறது, சொல்லுங்கள். வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு பஸ்ஸு போனா இன்னொரு பஸ்ஸு வரும் மாப்ள, இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கிக்கிட்டு" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒழுங்கு வந்தது. கணினியில் அளவு வைத்த இணைப்பு என்று குறித்தேன். எல்லார் போனிலும் தானியங்கி அப்டேட்டை அணைத்தேன். ரௌட்டரிலேயே கதவைச் சாத்தி, என் அனுமதி இல்லாமல் எதுவும் இறங்காதபடி செய்தேன். யாருக்கு எது எப்போது வேண்டும் என்பதை நான் முடிவு செய்தேன். மாமனார் எனக்கு 'அணைக்கட்டு' என்று பெயர் வைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மெதுவா பேசுங்க, எங்க அணைக்கட்டு தூங்குது" என்பார். எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் நாலு வார்த்தை பேசத்தான் செய்வார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். கையில் சர்க்கரையை அளக்கிற பொத்தான் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கினால் அவர் போன் கத்தும், ஆலையில் என் மனைவியின் போனும் கத்தும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

போன மாதம் அவர் போனை நீட்டினார். "மாப்ள, இது என்னமோ கேக்குது. அமுக்கட்டுமா?"

வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை அளக்கிற ஆப்பின் பழைய பதிப்பில் அலாரம் அடிக்காமல் போகக்கூடும், இரண்டு போனிலும் உடனே புதுப்பிக்கவும் என்று எழுதியிருந்தது. தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள், அவர்கள்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டிருந்த தொடர் ஒன்று எனக்கு அந்த வாரம் பாதியில் நின்றிருந்தது. மிச்சமிருந்த டேட்டா அதற்குச் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா விளம்பரம்" என்று சொல்லி, இனி நினைவூட்ட வேண்டாம் என்பதை அழுத்திக் கொடுத்தேன்.

இரவு மனைவி கேட்டாள். "அப்பா போன்ல ஏதோ அப்டேட் வந்துச்சாமே? என் போன்லயும் காட்டுது. போட்டுட்டீங்களா?"

"ரெண்டுலயும் போட்டுடறேன், குடு" என்று அவள் போனையும் வாங்கி, அதிலும் அதையே அழுத்தினேன். "போட்டாச்சு" என்றேன். அவள் நன்றி சொன்னாள். அவள் சின்ன விஷயத்துக்கும் நன்றி சொல்லுவாள்.

இரண்டு நாள் கழித்து, பிற்பகலில் தொடரின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஹாரன் மாதிரி பேசுகிறவர், அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"மாப்ள... கையெல்லாம் நடுங்குது. கண்ணு இருட்டுது. ஆனா போன் சும்மாதான் இருக்கு."

"போன் கத்தலன்னா ஒண்ணுமில்ல மாமா. போய்ப் படுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மனிதருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அது ஏன் கத்தவில்லை என்று எனக்குத் தெரியும். இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. சர்க்கரை டப்பா அடுப்பு மேடையில்தான் இருந்தது. எழுந்து நாலெட்டு வைத்தால் போதும். பக்கத்து அறையில் ஏதோ விழுந்த சத்தமும் கேட்டது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, சற்றுக் கேட்டேன். மறுபடி சத்தமில்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையின் முடிவு, சொல்லக் கூடாது, ஏமாற்றம்தான்.

மனைவி வந்துதான் பார்த்தாள். அவள் கத்தியது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். பிறகு அவள்தான் இரண்டு போனையும் எடுத்துப் பார்த்தாள், உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அப்படி நினைத்து நான் எதுவும் செய்யவில்லை, ஐயா. எதையுமே செய்யவில்லை. வேண்டாம் என்றுதான் இரண்டு முறை அழுத்தினேன். வாசலில் வந்து நின்றபோது மூன்றாவது முறை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நானே வலியப் போய் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தேன். என்னைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.