ஃபாயிஸா மறுபடியும் கேட்பாள்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் முதலாளி அழகுபாண்டி அண்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் தொழிற்பேட்டைச் சங்கப் பெரியவர்களே, ஷிப்டை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் பக்கத்துக் கம்பெனித் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஃபாயிஸாவின் கணவர் யாசீன் அண்ணே, அவளைப் பெற்றெடுத்த மெஹருன்னிசா அம்மா, உங்கள் எல்லோருக்கும் பாண்டிமீனாவின் வணக்கம்.

மென்பொருள் பொறியாளர் ஃபாயிஸா மறைந்துவிட்டார் என்று பின்னால் பேனரில் எழுதியிருக்கிறது. கப்பலூருக்கு நான் வேலைக்கு வந்த நாள் முதலாய் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. "காச்சலா இருக்கு மீனா, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சமயநல்லூர் வீட்டுக்கு வண்டியை எடுத்தவள். வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்து நாலு வயது. இது ஒரு வயதா? யாரிடம் போய்க் கேட்பது?

அடக்கம் முடிந்த அன்று மெஹருன்னிசா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். "ஏம்மா மீனா, எம்மக அங்கன என்னதாம்மா வேல பாத்தா? கேமரா, கம்ப்யூட்டர்னு என்னென்னமோ சொல்லுவா. எனக்கு ஒண்ணும் வெளங்காது, சரிசரின்னு தலையாட்டுவேன். இப்பக் கேக்கலாம்னா ஆளு இல்லையே." கட்டிப்பிடித்து அழத்தான் முடிந்தது. சுருக்கமாகப் பேசச் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார்கள். அதெல்லாம் முடியாது. இன்றைக்கு நான் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நாங்கள் செய்வது கைக்குழந்தைகளின் கண்ணைச் சோதிக்கிற கேமரா மிஷின். கேமரா என்றால் ஒரே சாமான் இல்லை. வெளிச்சத்தை வாங்குகிற சில்லு, சிப் என்பார்களே, அது ஒன்று, அதைக் கைமாற்றி விடுகிற சில்லு ஒன்று, நிறத்தைச் சரிசெய்கிற சில்லு ஒன்று என்று உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது. யார் யாரிடம் வாங்குகிறார், யாருக்குக் கொடுக்கிறார், எந்த வழி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த ஒன்று மிஷினுக்குள் உண்டு. அதற்குக் கெர்னல் என்று பெயர். மொத்த மிஷினையும் கட்டி மேய்க்கிற மென்பொருள் அதுதான்.

உங்கள் மகள் எழுதிய புரோகிராம் அந்தக் கெர்னலிடம் போய் விசாரிக்கும். எப்படி விசாரிக்கும் தெரியுமா? முதல் தடவை போகும்போது, "உள்ளே எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்கும். கெர்னல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். இவள் புரோகிராம் அம்புட்டுப் பேருக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மறுபடியும் போய்க் கேட்கும். "இப்பச் சொல்லு, யார் யாரு, யாரோட யாரு சேந்திருக்காங்க?" அதற்குள் உள்ளே ஆள் கூடியிருந்தால், இடம் பத்தாது என்று கெர்னல் திருப்பி அனுப்பிவிடும். இவள் புரோகிராம் சலித்துக்கொள்ளாது. இன்னும் கொஞ்சம் இடம் போட்டுவிட்டு மறுபடியும் போய் நிற்கும்.

"இதெல்லாம் எந்தக் காலேஜுல படிச்ச?" என்று ஒருநாள் கேட்டேன். "இது எங்கம்மா வழக்கம்டி" என்றாள். பெருநாள் விருந்துக்கு நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டுத்தான் பாய் விரிப்பீர்களாம். விரித்த பிறகும் வாசலுக்குப் போய் இன்னொரு தடவை கேட்பீர்களாம். "யாராச்சும் கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வந்திருப்பாங்க, அந்தப் புள்ள உக்கார எடமில்லாம நிக்கக் கூடாதுல்ல" என்பீர்களாமே. அம்மா, உங்கள் மகள் வேலை உங்களுக்கு விளங்காத வேலை இல்லை. நீங்கள் வாசலில் நின்று கேட்டதை அவள் மிஷினுக்குள் போய்க் கேட்டாள்.

அழகுபாண்டி அண்ணே, கோவித்துக்கொள்ளாதீர்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் அவளோடு மல்லுக்கு நின்றது இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். "நம்ம மிஷின், நம்ம வாங்கிப் போட்ட கேமரா. எங்க என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதா? அப்படியே எழுதி வச்சிட்டுப் போம்மா, எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் போய்க் கேட்டுக்கிட்டு?" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, நாளைக்கு நீங்களே வேற கேமராவ வாங்கியாந்து மாட்டுவீங்க. அன்னைக்கு நான் லீவுல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

லீவில் இருந்தால் என்றுதான் சொன்னாள், பாவி மக.

அவள் போன மறுவாரம் பழைய கேமரா கிடைக்கவில்லை. அண்ணன் வேறொன்றை வாங்கி வந்தார். அதில் நாங்கள் பார்த்தே இராத ஒரு சில்லு கூடுதலாக இருந்தது. சோழவந்தானில் கண் முகாம் வைப்பதாகச் சொல்லியாகிவிட்டது. கேமராவைக் கொடுத்தவர்கள் தந்த டிரைவர் என்கிற மென்பொருளைப் போட்டுவிட்டு, எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டு நான் சுவிட்சைத் தட்டினேன். அவள் புரோகிராம் போனது, எத்தனை பேர் என்று கேட்டது, இடம் போட்டது, மறுபடியும் கேட்டது. புதிதாய் வந்தவனையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டது. திரையில் படம் வந்தது. அவள் கண்ணால் பார்க்காத கேமரா அம்மா அது. பார்க்காதவனுக்கும் இடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். அண்ணன்தான் அதிகம் அழுதார்.

அந்த முகாமுக்கு, வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிற செல்லத்தாய் என்ற பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மிஷின் வெளிச்சம் பட்டதும் திரையில் ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகத் தெரிந்தது, அதுதான் சரி. இன்னொரு கண் வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டார். நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். யார் செய்த மிஷின் என்று செல்லத்தாய்க்குத் தெரியாது. தெரிய வேண்டிய ஆள் நீங்கள்தான். உங்கள் மகள் பார்த்த வேலை இதுதான் அம்மா.

எல்லோர் முன்னாலும் உறுதி சொல்கிறோம். ஃபாயிஸா எழுதியதை எடுத்துவிட்டு வேறு குறுக்கு வழி வைக்க மாட்டோம். எங்கள் மிஷின் எந்த ஊருக்குப் போனாலும் எத்தனை பேர் என்று கேட்கும், மறுபடியும் கேட்கும். அண்ணன் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. மதியம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம், தட்டு வைப்பது அவள் வேலை. இப்போது நான் வைக்கிறேன். "எத்தனை பேரு?" என்று கேட்டால், யாராவது அவளையும் சேர்த்துப் பழைய கணக்கையே சொல்லிவிடுகிறார்கள். நானும் அம்புட்டுத் தட்டையும் வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு மறுபடியும் கேட்க வேண்டும், அதுதான் அவள் சொல்லிக் கொடுத்தது. மிஷின் கேட்கும் அம்மா. எங்களால் முடியவில்லை. அந்தத் தட்டு கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கட்டும்.