முகம் தெரிகிற பம்பர்

ஒரு கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பம்பரில் புள்ளி விழுந்துவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் அதில் மாப்பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. பூ ஜோடித்து, முன்னால் நாயனம் விட்டு, ராஜவீதியில் போகிற வண்டி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டால் தெறிக்க வேண்டாமா?

உட்காரச் சொல்லாதீர்கள். நின்றே சொல்கிறேன். நாலு நாளாக ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஜன்னல் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன், அவ்வளவுதான். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே வரட்டும்.

என் பெயர் வர்த்தமானன். திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் குடும்பம். கொஞ்சம் நிலம், ஒரு மாந்தோப்பு, ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் பிளிமத் கார் ஒன்று. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவேன். போன வருஷம், எழுபத்து மூன்று ஆடியில், பம்பரும் முன் கிரில்லும் உரிய ஆரம்பித்தன. குரோமிய முலாம் போடக் காஞ்சிபுரத்தில் இருந்த இரண்டு பட்டறைகளையும் நகராட்சி மூடியிருந்தது. அரக்குச் சாயத்தில் முக்கி எடுத்த பட்டு பழுப்படித்துப் போகிறது, முலாம் பட்டறைத் தண்ணீர் எங்கள் கிணற்றில் இறங்குகிறது என்று பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு விதி இறுகிவிட்டது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. தொட்டி கட்டி, மருந்து போட்டு முறித்து, வண்டலைத் தனியாக அள்ள வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றுக்கு நூறு கெஜத்துக்குள் பட்டறையே கூடாது. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை.

பம்பரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினேன். வேலூரில் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மெட்ராஸில் ஒருவன் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "காஞ்சிபுரமா? பட்டுல சுத்தி உடு சாரு, பளபளன்னு இருக்கும்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை.

வீராசாமியை அப்புறம்தான் பிடித்தேன். மூடின பட்டறையில் வேலை பார்த்தவன். முலாம் தொட்டியில் இருந்த திரவத்தைப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தான்.

"எடம் மட்டும் குடு நயினாரே. மொகம் பாத்து மீசை முறுக்கலாம், அப்படிப் போட்டுத் தரேன்."

மாந்தோப்புக் கொட்டகையில் தொட்டி வைத்தோம். முலாம் ஏறுவதற்கான கரண்டுக்குப் பம்புசெட் மோட்டாரில் டைனமோ ஒன்றைப் பூட்டினோம். முதல் பம்பர் வெளியே வந்தபோது என் முகம் ஒரு கோணலும் இல்லாமல் அதில் தெரிந்தது.

கழுவின தண்ணீரை வீராசாமி வாய்க்காலில் சாய்க்கப் போனான். என் மனைவி மதனவதி தடுத்தாள். "இன்னாப்பா பண்றே? மண்புழு அத்தினியும் சாவுமே. எங்க வூட்ல வெந்நியக்கூட ஆறவச்சுத்தான் கீழ ஊத்துவோம்."

அவள் சொன்னது சரி. அன்றைக்கு முழுவதும் தோப்பைச் சுற்றி வந்தேன். குட்டையில் கெண்டைக் குஞ்சு இருந்தது. பழைய கிணற்றில் தவளை. எருக்குழியில் புழு நெளிந்தது. கடைசியில் தோப்பு மூலையில், வறட்சி வருஷத்தில் போட்டுத் தண்ணீர் கிடைக்காமல் விட்ட போர்க் குழாய். ஆறு அங்குல அகலம், இருநூறு அடி ஆழம். கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை. அதில் ஊற்றச் சொன்னேன். ஓணான் விழுந்துவிடக் கூடாதே என்று குழாய் வாய்க்கு வலையும் கட்டினேன்.

தை பிறப்பதற்குள் ஆற்காட்டிலிருந்தெல்லாம் பம்பர் வந்தது. எங்கும் கிடைக்காத வேலை என் தோப்பில் கிடைத்தது. மாசியில், சுகாதார இன்ஸ்பெக்டர் நாளைக் காலை வருகிறார் என்று தகவல் வந்தது. தொட்டியை வைத்துக்கொள்ள முடியாது. மூன்று பீப்பாய்த் திரவம், நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. மூன்றையும் போர்க் குழாயில் இறக்கினோம். இன்ஸ்பெக்டர் வந்தார், கொட்டகையைப் பார்த்தார், மோர் குடித்தார், போனார். மறுவாரமே வீராசாமி புதுத் திரவம் கலந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆதிகேசவன் வீடு. தறி நெய்கிறவன். அவன் பெண்சாதி காந்தா ஒரு நாள் டம்ளரோடு வேலியோரம் வந்தாள்.

"நயினாரே, எங்க கைபம்புல தண்ணி எலுமிச்சம்பழ நெறத்துல வருதே. குடிக்கலாமா?"

"பைப்பு போட்டு எத்தினி வருசம் ஆவுதும்மா?"

"ஏழு வருசம் இருக்கும்."

"அதான்" என்றேன்.

"துருவா? நான் ஒருத்தி, காலீலேர்ந்து பயந்துக்கினு இருந்தேன். இனிமே கேசரிக்குக் கலர்ப்பொடி வாங்க வேணாம்" என்று சிரித்தாள். அங்கேயே பாதி டம்ளர் குடித்தாள்.

அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு மேட்டுத் தெருக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று மதனவதி கேட்கவில்லை.

காந்தாவுக்கு வாந்தி வந்தது. வாயெல்லாம் புண். அவள் கண் மஞ்சளானதைப் பார்த்த ஆதிகேசவன் மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டினான். கீழாநெல்லி அரைத்து, அந்தப் பம்புத் தண்ணீரிலேயே கரைத்து, மூன்று வேளையும் கொடுத்தான். பம்பு அடிக்கிற சத்தம் கேட்டால் நான் எழுந்துவிடுவேன். கொட்டகைக்குப் போவேன், வேலிக்கு வருவேன், மறுபடி கொட்டகைக்குப் போவேன். ஒரு தடவை அவன் வாசல் வரைக்கும் போனேன்.

"இன்னாங்க நயினாரே, நிக்கிறீங்க?"

"காந்தா எப்படி இருக்குதுன்னு பார்க்க வந்தேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த வாரம் மூன்று வண்டிச் சாமான்கள் தொட்டியில் இருந்தன. முலாத்தைப் பாதியில் எடுத்தால் உரிந்துவிடும், ஐயா. தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் நாள் காந்தா போய்விட்டாள். சாமான்கள் பத்தாம் நாள் தயாராயின.

போரில் ஊற்றச் சொன்னது நான். அது அவள் பம்புக்குப் போகிறது என்று அந்த டம்ளரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். தெரிந்துதான் குடிக்க விட்டேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம். பொய் சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. குடிக்கலாமா என்றுதான் அவள் கேட்டாள். தண்ணீரில் என்ன கொட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.