தரையில் விழுந்த கத்திரிக்கோல்

மட்டாஞ்சேரி படகுத்துறை, பெண்கள் வரிசை. எனக்கு முன்னால் வெள்ளைப் புடவையில் இரண்டு நர்சுகள் நின்றார்கள்.

"டாக்டரை, கழுவின கையைத் தூக்கிக்கிட்டு இருபது நிமிஷம் நிக்க வெச்சேன், சேச்சி," என்றாள் இளையவள். நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"அய்யோ, ஏண்டி?"

"ஆபரேஷன் தொடங்கறதுக்கு முன்னாலயே கத்திரிக்கோலை என்மேல எறிஞ்சார். தரையில விழுந்ததைக் கொதிக்க வைக்காமத் தர முடியுமா? நிதானமா வெச்சேன்."

"அவருக்கு நல்லா வேணும். ஆனா உன் வேலை போயிடுமேடி!"

"மன்னிப்பு எழுதித் தரணுமாம். எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'இனி எறிஞ்சாலும் கொதிக்கத்தான் வைப்போம், மன்னிக்கணும்'னு. ஆபரேஷன் தியேட்டர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, சேச்சியைத் தவிர."

இளையவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய காகிதத்தை மூத்தவள் வாங்கி இரண்டு தரம் படித்தாள். படகு வந்து துறையில் முட்டியது.

"பேனாவை எடுடி," என்றாள்.