பழைய ஊருக்குப் போகாத படகு

எடித்: நேத்தும் இதையேதானே சொன்னீங்க, கேப்டன்?

டெல்பர்ட்: நேத்து வத்தம்மா. தண்ணியில்லாம படகு தரை தட்டிரும். இன்னைக்கு...

ரோடா: ஏத்தம்.

டெல்பர்ட்: ஆங், ஏத்தம். தண்ணி ஜாஸ்தி.

எடித்: கம்மின்னாலும் போக முடியாது, ஜாஸ்தின்னாலும் போக முடியாது. அப்ப உங்க பழைய ஊருக்கு எப்பத்தான் போவீங்க?

ரோடா: நடுவுல ஒரு பத்து நிமிஷம் வரும்மா.

டெல்பர்ட்: அக்கா, நீ கீழ போய் எல்லாருக்கும் காப்பி ஊத்து.

ரோடா: ஊத்தியாச்சுடா. அம்மா, அங்க பாருங்க! திமிங்கலம்... குட்டியோட!

எடித்: பாத்துட்டேன்.

ரோடா: முதுகக் காட்டிட்டு நிக்கிறீங்க, எங்க பாத்தீங்க?

எடித்: மூணு நாள்ல முப்பத்தேழு திமிங்கலம் பாத்துட்டேன். கரடி பாத்தேன். கடல்சிங்கம் கொட்டாவி விடுறத ஒரு மணி நேரம் பாத்தேன், அந்த நாத்தம் இன்னும் ஸ்வெட்டர விட்டுப் போகல. அலாஸ்காவுல இருக்கிற அத்தனை மிருகத்துக்கும் படகை நிறுத்துறீங்க. நான் கேட்ட ஒரே ஒரு கரைக்கு மட்டும்...

டெல்பர்ட்: மத்த பதினோரு பேரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க?

எடித்: அவங்க படம் எடுக்க வந்தவங்க.

டெல்பர்ட்: நீங்க?

எடித்: நான்... சும்மா.

ரோடா: சும்மா வந்தவங்க சாப்பிடறப்பகூட பைய மடியிலயே வெச்சிருப்பாங்களா? கீழ வைங்கம்மா. தரை ஈரமில்ல.

எடித்: இருக்கட்டும்.

டெல்பர்ட்: அந்தக் கரையில ஒண்ணுமில்லம்மா. சாஞ்ச தூணு நாலு. மிச்சமெல்லாம் காஞ்சொறிச் செடி. எங்க ட்லிங்கிட் பழங்குடி ஜனங்களே வருஷத்துக்கு ஒருக்காதான் போறது.

எடித்: ஆளே இருக்க மாட்டாங்களா?

டெல்பர்ட்: ஈ காக்கா கிடையாது.

எடித்: அதான் வேணும் எனக்கு.

ரோடா: ஏன்?

எடித்: ஏன்னா... காலார நடக்கலாம்னு.

ரோடா: காஞ்சொறியில?

எடித்: இதோ பாருங்க. நாளைக்குக் காலையில இந்தப் பயணம் முடியுது. எனக்கு எழுபத்தொண்ணு வயசு. இன்னொரு தடவை வருவேன்னு யாரும் எழுதிக் குடுக்கல. கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?

டெல்பர்ட்: மூடுபனி வேற...

எடித்: எங்க மூடுபனி? எதிர்மலையில ஆடு மேயுறது தெரியுது!

ரோடா: ஏன்டா, பொய்தான் சொல்ற, கொஞ்சம் பொருத்தமாவாச்சும் சொல்லக் கூடாதா?

டெல்பர்ட்: நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கியா?

எடித்: சரி. பின்னால கட்டியிருக்கிற அந்தச் சின்ன கயாக் படகை அவுத்து விடுங்க. நானே போய்க்கிறேன்.

டெல்பர்ட்: துடுப்புப் போடத் தெரியுமா?

எடித்: தெரியாது. எங்க நெப்ராஸ்காவுல கடல் கிடையாது.

ரோடா: கவுந்துட்டா, தண்ணி பனிக்கட்டியாட்டம் இருக்கும். பத்து நிமிஷத்துல கைகால் ஓடாது.

எடித்: பரவால்ல.

டெல்பர்ட்: அய்யோ, பையோட எங்கம்மா கெளம்பிட்டீங்க? அக்கா, புடி!

ரோடா: புடிச்சிட்டேன். உக்காருங்கம்மா. அழாதீங்க... இந்தாங்க, துண்டு.

எடித்: எங்க தாத்தா இங்கதான் இருந்தார். சால்மன் மீனை டப்பாவுல அடைக்கிற ஆலையில மேனேஜரா.

டெல்பர்ட்: ம்.

எடித்: ஒரு கோடையில ஊரே மீன்பிடிக்கப் போயிருந்த நேரம்... காலியா இருந்த வீட்டுக்குள்ள போயிருக்கார். பெட்டியை உடைச்சிருக்கார். அதச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாராம்.

ரோடா: என்ன எடுத்தார்?

எடித்: மரத்துல தவளை செதுக்கின தொப்பி. கண்ணு ரெண்டும் சிப்பி. அது என்னன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கம்மா கிறிஸ்துமஸ்ஸுக்கு அதக் கவுத்து வெச்சு... வால்நட் போட்டு வெப்பாங்க.

ரோடா: கண்ணு ரெண்டும் இன்னும் இருக்கா?

எடித்: ஒரு கண்ணை நான்தான் ஸ்பூனால நோண்டி எடுத்தேன். அஞ்சு வயசுல. அது எங்க போச்சுன்னே தெரியல.

டெல்பர்ட்: அது இப்ப இந்தப் பைக்குள்ளயா இருக்கு?

எடித்: ஆமா. திட்டறதுன்னா திட்டிருங்க. மியூசியத்துக்கு எழுதிப் போடுன்னாங்க. கண்ணாடிக்குள்ள போயிட்டா, அப்புறம் எங்க வீட்டுல இருந்ததுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? எடுத்த எடத்துலயே வெச்சுட்டு, ஒரு மன்னிப்பு எழுதி வெச்சுட்டு, யார் மொகத்தையும் பாக்காம...

டெல்பர்ட்: ஒரு நிமிஷம்மா, ரேடியோ. ம்... சொல்லு. வந்தாச்சா? சக்கர நாற்காலியோடவா? எல்லாரும் எறங்கியாச்சா? சரி. இதோ, முனையைத் தாண்டிட்டா நாங்களும் வந்துருவோம்.

எடித்: யாரு அது? ஏன் படகைத் திருப்புறீங்க?

ரோடா: பழைய ஊருக்குத்தான்.

எடித்: ஏத்தம், வத்தம், மூடுபனி?

ரோடா: எல்லாம் பொய்தாம்மா.

எடித்: என் பொறுமையை... அங்க யாரு அது? ஈ காக்கா இல்லைன்னீங்க, கரை முழுக்க ஆளு நிக்குது! போர்வை போர்த்திக்கிட்டு... என்னைப் புடிச்சுக் குடுக்கவா இத்தனை நாள் சுத்த விட்டீங்க?

ரோடா: நீயே சொல்லுடா. என்னால முடியல.

டெல்பர்ட்: புடிச்சுக் குடுக்க இல்லம்மா. முகப்புல தவளை வரைஞ்ச வீடு இன்னும் இருக்கான்னு எங்களுக்குக் கடிதம் போட்டீங்களே... அந்த வீடு எரிஞ்சு நூறு வருஷமாச்சு, அதுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. எங்களை விட்டா, அன்னைக்கு உள்ள புகுந்தவர் வீட்டுக்குத்தான் அந்தத் தவளை தெரியும். அப்பவே தெரிஞ்சுபோச்சு, யார் வீட்டு ஆளு நீங்கன்னு. கேட்டா பயந்து திரும்பிருவீங்க, உங்க வாயால வரட்டும்னு இருந்தோம். பெர்த்தா சித்தி ஜுனோவுலருந்து வரணும், மழையில மூணு நாளா விமானம் கெளம்பல. அவங்கதான் எங்க வீட்டுக்கு மூத்தவங்க, அவங்க இல்லாம அந்தத் தொப்பியை வாங்கக் கூடாது. எங்க பாட்டியோட தாய்மாமன் தலையில இருந்ததும்மா அது... நாங்கதான் அந்த வீட்டு ஜனங்க.